அடித்தளம் கற்றுத்தந்த செவ்வகம்

எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள காலி மனைக்குச் சென்ற ஆண்டு ஒரு ரெடிமேட் வீடு வந்தது. சுவர், கூரை, சன்னல், மின்கம்பி எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி, டிரெய்லர் லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் வீடு. நீளம் 40 அடி, அகலம் 9 அடி. அது வருவதற்கு முன்பே அடித்தள வேலை தொடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கண்கள் கரும்பலகையை விட்டுச் சன்னலுக்குப் போயின. அதட்டுவதைவிட அதையே பாடமாக்கலாம் என்று தோன்றியது.

தலைமையாசிரியரின் அனுமதியுடன், வேலிக்கு வெளியே நின்று கவனித்தோம். பணியாளர்கள் பக்கங்களை அளந்தபின் மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடித்தார்கள். "எதுக்கு சார் குறுக்கே அளக்குறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியே அடுத்த நாள் பாடம் ஆனது.

மைதானத்தில் அதே அளவில் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தைக் கணக்கிடச் சொன்னேன். 1600 + 81 = 1681. அதன் வர்க்கமூலம் 41. மீதியே இல்லாமல் விடை வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அளந்து பார்த்தோம். இரண்டு மூலைவிட்டங்களும் 40 அடி 11¾ அங்குலம். கால் அங்குலக் குறைவைக் கயிற்றின் தளர்ச்சி என்று ஒதுக்கிவிட்டு, "இரண்டும் சமம், ஆகவே இது செவ்வகம்" என்றேன்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் தயங்கியபடி கை தூக்கினான். கணக்கு வகுப்பில் அவன் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. அவன் அப்பா கொத்தனார். "பின்பக்கம் ரெண்டு அங்குலம் கம்மியா இருக்கு சார். நான் அளந்தேன்" என்றான். அளந்தோம். முன்பக்கம் 9 அடி. பின்பக்கம் 8 அடி 10 அங்குலம். அது செவ்வகமே அல்ல, இருசமபக்கச் சரிவகம். அதற்கும் மூலைவிட்டங்கள் சமம்தான்.

பல ஆண்டுகளாக நான் பாதி உண்மையைச் சொல்லிவந்திருக்கிறேன். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது செவ்வகம். "நான் சொன்னது தவறு, இவன் சொன்னதே சரி" என்று வகுப்பின் முன் ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் கை அடிக்கடி உயர்கிறது.

மறுநாள் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். பணியாளர்கள் பயன்படுத்திய டியூப் லெவலை அவர் விளக்கினார். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பினால், திறந்த இரு முனைகளிலும் வளிமண்டல அழுத்தம் ஒன்றே என்பதால் நீர்மட்டமும் ஒன்றாக நிற்கும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பிழையாகும். மாணவர்கள் வராண்டாவின் இரு தூண்களில் ஒரே மட்டத்தைக் குறித்துப் பார்த்தார்கள்.

வீடு இறங்கிய நாளில் கிரேனிலிருந்து வெகு தொலைவில், பள்ளி வராண்டாவில் நின்றோம். நான்கு மூலைகளிலும் கட்டித் தூக்கிய வீடு மெல்ல இறங்கியது. பணியாளர்கள் கயிறு பிடித்து அதைத் திருப்பினார்கள். கான்கிரீட்டில் பதித்திருந்த போல்ட்டுகள் அடிச்சட்டத்தின் துளைகளில் நுழைந்தன. தளம் சற்றுத் தாழ்ந்திருந்த இடத்தில் இரும்புத் தகடு செருகி, மட்டம் பார்த்து, நட்டுகளை முறுக்கினார்கள். "ரெண்டு அங்குலம் தப்பியிருந்தா துளை சேர்ந்திருக்காது" என்று அந்த மாணவன் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

தொடர்ச்சியாக, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1967 உலகக் கண்காட்சிக்காக மோஷே சாஃப்டி வடிவமைத்த 'ஹேபிடாட் 67' குடியிருப்பின் படத்தைக் காட்டினேன். முன்கூட்டியே வார்த்த 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டியது அது. அங்கே எத்தனை மூலைகளைச் சரிபார்த்திருப்பார்கள் என்று மாணவர்களே கணக்கிடத் தொடங்கினார்கள்.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்யலாம். கயிறு, டேப், சுண்ணாம்புத் தூள் போதும். ஒரு குழுவை மட்டும் வேண்டுமென்றே சரிவகம் வரையச் சொல்லுங்கள். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். என் வகுப்பில் முதலில் ஏமாந்தவன் நான்தான்.