நாயைப் பழக்குதல்: கருவாட்டுத் துண்டா, பூவரசந் தடியா?

மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலே, மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஒரு வீட்டு வளவிற்குச் சென்றிருந்தோம். ஆடு வளர்ப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்பதே எமது நோக்கம். ஆனால் கதிரையை எடுத்துப் போட்ட வீட்டுக்கார அம்மா முதலில் சொன்னது நாயைப் பற்றித்தான்.

"பாதர், ஆட்டைக் காக்க எண்டு வளர்த்த நாய், இப்ப எங்கடை கோழியையே பிடிக்குது. கூப்பிட்டாலும் வருகுதில்லை. எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாறன் எண்டு இவர் நிக்கிறார்."

கணவர் வேலியோரம் நின்றபடி மீதிக் கதையைச் சொன்னார். நாய் மூன்று பேடுகளைக் கொன்றுவிட்டு வெளியே ஓடிவிட்டது. ஒரு மணித்தியாலம் கழித்துப் படலையடியில் தலை காட்டியது. அவர் அன்பாகவே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கிட்ட வந்ததும் பூவரசந் தடியால் நன்றாக அடித்தார். அன்று முதல் அவருடைய குரல் கேட்டால் நாய் வேலிப் பொட்டுக்குள்ளால் நழுவிவிடுகிறது. கோழி பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

இதைச் சிறிய விடயம் என்று நாம் எண்ணவில்லை. பலமுறை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, நாலு ஆட்டோடும் பத்துக் கோழியோடும் மறுபடி தொடங்குகின்ற குடும்பத்திற்கு இரவுக் காவல் நாய்தான். பயிருக்குள் பன்றி வந்தாலும், குட்டியைத் தூக்க நரி வந்தாலும் முதலிற் குரல் கொடுப்பது அதுவே. அந்த நாயைத் தெருவில் விட்டால் காவலும் போய்விடும், ஊருக்கு இன்னுமொரு கட்டாக்காலி நாயும் சேர்ந்துவிடும்.

அந்த நாய் அன்று எதைக் கற்றுக்கொண்டது என்று பார்ப்போம். கோழியைக் கொன்றதற்காகவே அடித்தேன் என்பது மனிதருடைய கணக்கு. நாயின் கணக்கு வேறு. ஒரு மணித்தியாலத்திற்கு முன் செய்ததையும் இப்போது விழுகின்ற அடியையும் அது இணைத்துப் பார்ப்பதில்லை. அடி விழுவதற்குச் சற்று முன் அது செய்தது ஒன்றுதான்: கூப்பிட்டபோது வந்தது. ஆகவே கூப்பிட்டால் போகக்கூடாது என்பதே அது படித்த பாடம். மிக நன்றாகவும் படித்துவிட்டது.

"இல்லை, அதுக்குத் தெரியும், முழியைப் பாத்தாலே விளங்கும்" என்று பலரும் சொல்வர். காதை மடக்கி, தலையைக் குனிந்து, பக்கமாகப் பார்க்கும் அந்த 'கள்ள முழி' எல்லோரும் அறிந்ததே. நியூயோர்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009 இல் இதனைச் சோதித்து எழுதினார். உண்ணக்கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தை நாய் உண்டதா இல்லையா என்பதில், சில தடவைகளில் வீட்டுக்காரருக்கு வேண்டுமென்றே பிழையான தகவல் கொடுக்கப்பட்டது. அந்த முழி நாயின் செயலைப் பொறுத்து வரவில்லை. வீட்டுக்காரர் ஏசியபோதே வந்தது. எதையும் தொடாத நாய்களும் ஏச்சு வாங்கியபோது அதே முழியைக் காட்டின. அது எமது கோபத்தைக் கண்ட பயமே.

பரிசும் திருத்தமும் வேலை செய்யும் விதம்

இவ்விடயம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டது. ரஷ்ய நாட்டின் பவ்லோவ், உணவு சமிபாடடைவதைப் பற்றிய ஆய்விற்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால், பின்பு ஒலி கேட்டவுடனேயே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்று அவர் காட்டினார். பாத்திரச் சத்தம் கேட்டு உங்கள் நாய் குசினி வாசலுக்கு ஓடிவருவது இதனாலேயே. எமது நண்பரின் குரலைக் கேட்டு நாய் ஒளிந்துகொண்டதும் இதனாலேயே. குரலுக்குப் பின் தடி வரும் என்று அதன் உடம்பு அறிந்துவிட்டது.

அமெரிக்காவின் தோர்ன்டைக் 1898 இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து ஆராய்ந்தார். நல்ல பலன் தந்த செயலை விலங்கு மறுபடி செய்யும். பலன் தராத செயல் குறையும் என்பது அவர் கண்டது. இதனை விரித்தெழுதியவர் ஸ்கின்னர். அவர் வழியில் வந்த கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால், நாம் செய்யக்கூடியவை நான்கே: விரும்பியதைக் கொடுக்கலாம், விரும்பியதை நிறுத்தலாம், விரும்பாததைக் கொடுக்கலாம், விரும்பாததை நிறுத்தலாம். கடைசியானது மாடு பூட்டி உழுதவர்களுக்குப் புதிதல்ல. துவரந்தடியால் தொட்டதும் மாடு நடக்கும். நடந்ததும் தடியை எடுத்துவிடுவோம். எடுக்காமல் குத்திக்கொண்டே இருந்தால் மாடு எதைக் கற்கும்?

தடி வேலையே செய்யாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜேர்மனியில் கொன்ராட் மோஸ்ட் 1910 இல் எழுதிய கைந்நூலைப் பின்பற்றிக் கடுமையான முறைகளாற் பழக்கிய பொலிஸ், இராணுவ நாய்கள் சொற்கேட்டன என்பது உண்மை. ஆனால் தண்டனை பலிக்க வேண்டுமானால், அது பிழை நடக்கும் அந்தக் கணத்திலேயே வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் வரவேண்டும். நாய் அதைப் பிழையோடு இணைக்க வேண்டுமேயன்றி, அடித்த ஆளோடோ பக்கத்தில் நின்ற பிள்ளையோடோ இணைக்கக்கூடாது. விடியமுன் தோட்டத்துக்குப் போய் மம்மலில் திரும்பும் எந்தக் கமக்காரர் இதையெல்லாம் நிறைவேற்றப் போகிறார்?

மற்றைய ஆபத்து உறுமலோடு வருகின்றது. சோறு தின்னும்போது சின்னப்பிள்ளை கிட்டப் போனால் நாய் உறுமும். உடனே அடித்து உறுமலை நிறுத்தி விடுகிறோம். நாயின் பயமோ கோபமோ போகவில்லை, எச்சரிக்கை மட்டுமே போய்விட்டது. அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். உறுமினால் பிள்ளையை அப்பால் எடுங்கள். பின்னர் பெரியவர் ஒருவர், நாய் தின்றுகொண்டிருக்கும்போது தூர நின்று ஒரு மீன் துண்டை எறிந்துவிட்டுப் போகட்டும். மனிதர் கிட்ட வந்தால் சோறு கூடுமேயொழியக் குறையாது என்று அது நாளடைவில் அறியும்.

'நாய்க்கு நீ தலைவன் என்று காட்டு. ஓநாய்க் கூட்டத்தில் பலசாலியே தலைவன்' என்ற கதை ஒன்றும் உண்டு. கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைப் பார்த்து வந்த கருத்து அது. அதனைப் பரப்பிய நூலொன்றை 1970 இல் எழுதிய டேவிட் மெக் என்பவரே, காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்தபின், 1999 இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட ஒரு குடும்பமே.

போர்த்துக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2020 இல் வெளியானது. பரிசால் மட்டும் பழக்கும் பள்ளிகளின் நாய்களையும், அதட்டல், கழுத்துச் சுண்டல் போன்றவற்றைக் கூடுதலாகப் பயன்படுத்தும் பள்ளிகளின் நாய்களையும் ஒப்பிட்டனர். பின்னைய நாய்களின் உமிழ்நீரில் பயிற்சியின்பின் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு கூடியிருந்தது. உணவு இருக்குமோ இல்லையோ என்று தெரியாத பாத்திரத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கிப் போயின.

எம்மவர் கண்ட சாட்சியும் ஒன்றுண்டு. வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் வேலையில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்து மணந்தால் அசையாமல் இருந்து காட்டும் அந்த நாய்க்கு வழக்கமாகக் கிடைக்கும் கூலி ஒரு றப்பர்ப் பந்துதான். மனிதரின் கால் தங்கியிருப்பது அதன் மூக்கில். அடிக்குப் பயந்து மணக்கும் மூக்கை நம்பி யார் காலை வைப்பார்?

வளவில் செய்யக்கூடியது

செலவு அதிகமில்லை. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, நகக்கண் அளவு துண்டுகளாக்குங்கள். அவித்த முட்டைத் துண்டும் நல்லது. வெங்காயம் சேர்ந்த கறி வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பும் உடைந்து குடலைக் கிழிக்கலாம். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்திற்குச் சற்று முன் பழக்கினாற் போதும்.

முதற்பாடம் 'வா'. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். தகப்பன் ஒன்றும், தாய் ஒன்றும், மகன் விசிலும் என்றிருந்தால் நாய் எதைக் கேட்கும்? ஐந்து அடி தூரத்தில் நின்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். வந்தவுடன், அந்த நொடியிலேயே, 'சரி' என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். ஒரு நேரத்திற்குப் பத்துத் தடவை, நாளுக்கு இரு நேரம். பின் தூரத்தைக் கூட்டுங்கள். முதலில் விறாந்தை, பிறகு முற்றம், படலையடி கடைசியில். அடிக்கவோ, கட்டவோ, மருந்து பருக்கவோ வேண்டியிருந்தால் 'வா' என்று கூப்பிடாதீர்கள், நீங்களே அதனிடம் போங்கள். நன்கு பழகியபின் ஒவ்வொரு முறையும் துண்டு தேவையில்லை. சிலவேளை துண்டு, சிலவேளை தடவல், எது எப்போது என்று தெரியாதிருந்தால் பழக்கம் இன்னும் உறுதிப்படும். (சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து குழைகின்ற நாய்க்கு இடைக்கிடை ஒரு பிடி எறிபவர்களும் இதே விதியைத்தான் கைக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் ஏன் போகுதில்லை என்று எம்மைக் கேட்க வேண்டாம்.)

கோழி கடினமான பாடம். துரத்துவது நாய்க்கே இன்பம், அதுவே பரிசு. எமது கருவாட்டை விடப் பெரிய பரிசு. எனவே பழகும்வரை துரத்தச் சந்தர்ப்பம் கொடுக்கக்கூடாது. கோழி வெளியே நின்றால் நாய் கயிற்றில் நிற்கட்டும். நீளக் கயிற்றில் பிடித்தபடி, கோழி கண்ணுக்குத் தெரியும், ஆனால் நாய் இழுத்துப் பாயாத தூரத்தில் நில்லுங்கள். 'விடு' என்று சொல்லுங்கள். அது கோழியை விட்டு உங்களைப் பார்க்கும் கணத்தில் முட்டைத் துண்டு. நாளுக்கு ஓரிரு அடி கிட்டப் போகலாம். இழுத்தால் அவசரப்பட்டு விட்டீர்கள், பின்னே வாருங்கள். புதிதாகக் குட்டி எடுப்பவர்களுக்கு வேலை இலகு. பிறந்து மூன்று கிழமை முதல் மூன்று மாதம் வரை பழகுவன அதன் மனதிற் பதியும். அந்நாட்களில் ஆடு, கோழி, பிள்ளைகள் எல்லோரோடும், நீங்கள் பக்கத்தில் நிற்க, அமைதியாகப் பழகட்டும்.

திருத்தமே வேண்டாமா? வேண்டும். பாய்ந்து ஏறினால் முதுகைக் காட்டித் திரும்புங்கள். கையைக் கடித்து விளையாடினால் விளையாட்டை அத்தோடு நிறுத்துங்கள். அடங்காவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் கட்டிவிட்டுப் பின் அவிழுங்கள். நாள் முழுவதும் கட்டிவைப்பது திருத்தம் அல்ல, அது நாயைக் கடிநாய் ஆக்கும். சுடுநீர், மிளகாய்த்தூள், சுருக்குக் கயிறு இவற்றைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. வெடிச் சத்தத்திற்குக் கட்டிலுக்குக் கீழே ஒளியும் நாயை இழுத்தெடுத்து அடிப்பவரும் உண்டு. அந்தச் சத்தத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பழக்கத்தோடு சேர்க்காதீர்கள். சாதுவான நாய் திடீரென்று குணம் மாறி, காரணமின்றிக் கடித்தால், உமிழ்நீர் வடித்தால், அது விசராக இருக்கலாம். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி நாய்களுக்கு அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகின்றது. உங்கள் பகுதியில் எப்போது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, ஆண்டுதோறும் போடுவியுங்கள்.

அந்த வீட்டுக்கு மாசி மாதத்தில் மறுபடி போனோம். 'வா' என்ற சொல் கெட்டுப்போயிருந்தபடியால் 'ஓடியா' என்று புதுச் சொல் பிடித்திருந்தார்கள். பழக்கியது பன்னிரண்டு வயது மகள். அவள் கூப்பிட்டால் நாய் வளவின் மறுகோடியிலிருந்தும் வருகிறது. தகப்பனிடம் வர ஆறு கிழமை சென்றதாம். அதுவும் அவர் நிலத்தில் குந்தியிருந்து, கையில் தடியில்லாமற் கூப்பிட்டால் மட்டும். கோழிகளைக் காலை ஒன்பது மணிவரை இன்னும் கூட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.