ஏரி உடைந்துவிட்டதாமே!

பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை வருகிறது. அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரி வெகு அருகில். 2015ஆம் ஆண்டு பெருமழையின்போது இந்த ஏரியைப் பற்றி ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவியது. “ஏரி உடைந்துவிட்டது!”

ஏரி உடையவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி, உச்சக்கட்டத்தில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் மதகுகள் வழியே அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வெள்ளம் மெய், உடைப்பு பொய். ஆனால் இரண்டும் ஒரே கைபேசித் திரையில், ஒரே அளவு எழுத்தில் அல்லவா வந்தன?

மறுநாள் சென்னையில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் அச்சாகி வரவில்லை. 1878இல் தோன்றிய பத்திரிகை அது. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்தை அடைய முடியாதபடி வெள்ளம் சூழ்ந்துவிட்டது. காகிதம் நின்றது, செய்தி நிற்கவில்லை. அது இணையத்தின் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

இணையத்துக்கு முன் செய்தி எப்படி வந்தது? நிருபர் எழுதுவார். துணையாசிரியர் படித்து, “யார் சொன்னது? அதிகாரியைக் கேட்டீரா?” என்று குடைவார். பிறகு அச்சுக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, விடியற்காலையில்தான் ஏடு உங்கள் வீட்டு வாசலில் விழும். இந்தத் தாமதத்தை எல்லோரும் குறையென்றே எண்ணினோம். சரிபார்த்தல் நடந்தது அந்தத் தாமதத்துக்குள்தான்! (அப்படியும் பிழைகள் அச்சேறின, திருத்தம் மறுநாள் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும்.)

இணையம் இந்த இடைவெளியை அழித்துவிட்டது. இதனால் நன்மை இல்லையா? உண்டு. அதே வெள்ளத்தில், நீர் தேங்கிய தெருக்களை மக்களே ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடத்தில் குறித்தார்கள். எந்தப் பத்திரிகையாலும் அத்தனை தெருக்களுக்கு நிருபரை அனுப்ப முடிந்திராது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு செய்தியை 5 பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு 5 பேருக்கு அனுப்புகிறார்கள். பத்தாவது சுற்றில் மட்டும் அது 97,65,625 பேரை எட்டும். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய வதந்தி இப்படித்தான் பரவியது. நசரத்பேட்டை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில், ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி அடித்தே கொன்றுவிட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி ‘வாட்ஸ்அப்’ நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பத்திரிகைகளைத் தாங்கி நின்ற விளம்பரப் பணத்தில் பெரும் பகுதி இணைய நிறுவனங்களுக்குப் போய்விட்டது. ஏரிக்கரைக்கு நேரில் போய் மதகைப் பார்த்து எழுதும் நிருபருக்கு இனி யார் சம்பளம் தருவது? உலகெங்கும் பத்திரிகைகள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

ஆகவே துணையாசிரியரின் வேலையில் ஒரு பங்கு இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. செய்து பார்ப்போமா? “செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறப்பு, இரண்டு நாள் நீடிக்கும்” என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. இதை ஒரு லட்சத்தால் வகுத்தால் 36,450 வினாடி, அதாவது பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குள் நிறைந்த ஏரியே வற்றிவிடும்! மேலிருந்து வரும் நீரையும் சேர்க்க வேண்டுமே என்கிறீர்களா? சரியான கேள்வி. ஏரியின் இருப்பையும் வரத்தையும் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. அந்த எண்ணை எடுத்து மேற்படி கணக்கில் சேருங்கள். பின்பு, 2015இல் திறந்த 29,000 கன அடி வீதத்துக்கும் இதே கணக்கைப் போட்டு, எத்தனை மணி நேரம் வருகிறதென்று பாருங்கள்.