வயலின் பழகும் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம் பக்கம் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்து இவற்றை எழுதுகிறேன். பிள்ளைக்கு வயலின் மேல் ஆசை வந்து, வாத்தியமும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆசிரியர் வாரத்துக்கு ஒருநாள்தான் கிடைப்பார். மற்ற ஆறு நாளும் வீட்டில்தான் கற்க வேண்டும். பெற்றோருக்குச் சங்கீதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதில் பெரும்பகுதி நீங்களே பார்த்துக்கொள்ளக் கூடியதுதான்.

1. முழு அளவு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிது. அரை அல்லது முக்கால் அளவு வாங்குங்கள். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோல இதையும் ஒரு சுற்று பெரிதாக வாங்கிவிடக் கூடாது. விரல் எட்டாத பிள்ளை சுருதி விலகியே வாசித்துப் பழகும், அதைப் பிறகு திருத்துவது பெரும் பாடு.

2. பாய் விரித்துச் சம்மணமிட்டு உட்காரட்டும். வயலினின் சுருள் முனை வலது கணுக்கால் பக்கம் பாதத்தில் படிய வேண்டும். மறுமுனை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே. வாத்தியத்தின் பாரம் இடது கையில் விழவே கூடாது. மேல்நாட்டார் இதைத் தாடையால் அழுத்திப் பிடித்து வாசிப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் அவர்களிடமிருந்துதான் வயலினைக் கற்றார். ஆனால் சுரத்தை அசைத்து வாசிக்கும் நம் கமகத்துக்கு இடது கை தந்திமேல் வழுக்கி ஓட வேண்டும், அதற்கு இந்த உட்காரும் முறைதான் வசதி. முதல் மாதத்தில் பாட்டைவிட இதைக் கவனியுங்கள்.

3. தந்திகளைத் தடித்ததிலிருந்து ச, ப, ச, ப என்று சேர்ப்பார்கள். ஆசிரியர் எத்தனை கட்டை என்று சொன்னாரோ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தினமும் அதே கட்டையில் சுருதிப்பெட்டியோ தம்புரா செயலியோ ஓடட்டும். சுருதி இல்லாமல் ஐந்து நிமிடம்கூட வாசிக்க விடாதீர்கள்.

4. மழைக்காலத்தில் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணி, இறுகிக்கொள்ளும். கோடையில் வழுக்கி, சேர்த்த சுருதி நிற்காது. இறுகினால் பிருடையைக் கழற்றி, அது துளையில் உரசும் இடத்தில் பென்சில் தூளைத் தேயுங்கள். வழுக்கினால் கரும்பலகைச் சுண்ணாம்புக் கட்டி. திருகும்போது லேசாக உள்ளே தள்ளியபடி திருக வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.

5. வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்திவிட வேண்டும். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். கை பட்டால் பிசுக்கு ஏறி, வில்லில் தேய்க்கும் ரோசின் பிடிக்காது. தந்தியிலும் பலகையிலும் உதிர்ந்த ரோசின் தூளைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் அன்றன்றே துடையுங்கள். பெட்டியை மாதக்கணக்கில் மூடி வைத்தால் பூச்சி வில்லின் மயிரைத் தின்றுவிடும். அவ்வப்போது காலிப் பெட்டியை வெயிலில் காட்டுங்கள்.

6. வயலினை மட்டும் வெயிலில் காட்டாதீர்கள். பலகைகள் பிசினால் ஒட்டப்பட்டவை. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ்ப் பரணிலோ, நிறுத்திய காருக்குள்ளோ இருந்தால் ஒட்டு விட்டுப்போகும். மண்சுவர் வீட்டின் உள்ளறை இருந்தால் அதுவே நல்ல இடம்.

7. தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நான்கையும் ஒன்றாக எடுத்தால் பிரிட்ஜ் சாயும், உள்ளே நிற்கும் சிறு குச்சியும் விழுந்துவிடலாம். அதை மீண்டும் நிறுத்தத் தேர்ந்த கை வேண்டும். மெல்லிய தந்திதான் அடிக்கடி அறும், உபரியாக ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

8. இனிமேல் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். வயலினில் மெட்டுக் கிடையாது. வீணையில் விரல் வைக்க இடம் தெரியும், இங்கே காதுதான் வழிகாட்டி. எனவே எந்த வரிசையையும் முதலில் வாயால் பாடி, பிறகு வாசிக்கட்டும். சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை அமைந்தது வயலின் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. ச ரி க ம என்ற நான்குக்கும் ப த நி ச என்ற நான்குக்கும் இடைவெளி ஒன்றேதான். ச தந்தியில் விரல் விழும் அதே இடங்கள் ப தந்தியிலும் வரும். இதைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இடம் சரிதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ப தந்தியில் மேல் சட்ஜத்தை நீளமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்து ச தந்தியைப் பாருங்கள். விரல் சரியாக விழுந்திருந்தால், தொடாத அந்தத் தந்தி தானாக அதிரும். இசை தெரியாத அம்மாவும் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

9. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட இது பலன் தரும். அதில் முதல் ஐந்து நிமிடம் வெறும் தந்தியில் நீள வில், அடியிலிருந்து நுனிவரை. பிறகு வரிசை மூன்று காலத்திலும். முதல் காலம் சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்துக்குப் போகக் கூடாது. பிள்ளை அலுத்துக்கொள்ளும்தான்; அவசரப்படுத்தாமல் கூடவே உட்காருங்கள்.

10. கீறல் சத்தம் முதல் சில மாதம் இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்டு வீட்டில் யாரும் சிரிக்க வேண்டாம். வாத்தியத்தைக் கீழே வைத்துவிடும் பிள்ளைகளில் பலர் அந்தச் சிரிப்புக்குத்தான் வைக்கிறார்கள்.

11. கேட்பதும் பயிற்சிதான். லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் மூவரின் வாசிப்பும் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. ஒரே ராகத்தை மூவரிடமும் கேட்கட்டும். ஒருவர் பாட்டைப்போல வாசிப்பார், ஒருவர் மின்னல் வேகத்தில் போவார், ஒருவர் நீள வில்லில் நிறுத்தி நிதானமாக. நம் ஊர்ப்பக்கத்தில் கிடைப்பதையும் விடாதீர்கள். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும்போது நாதசுரம் ஒலித்தால், அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். தெருக்கூத்தில் முகவீணை கேட்டால் அந்த மெட்டை மறுநாள் வயலினில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிவைத்த சுரம் இல்லாமல் ஒரு மெட்டைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பிறகு மனோதர்மம், அதாவது தானே கற்பனை செய்து வாசிப்பது, எளிதாக வரும்.

12. முறையாகப் படிக்க விரும்பினால் திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, போளூர் வழியாகப் போகலாம். படிப்பு மூன்று ஆண்டு. சேர்க்கைக்கு வயது, கல்வித் தகுதி உண்டு, நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் படிக்கச் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் உள்ளன.

13. கீதம் இரண்டு நன்றாக வந்ததும் நாலு பேர் முன்னால் வாசிக்க வையுங்கள். பாட்டி, பக்கத்து வீடு, பிறகு பள்ளி ஆண்டு விழா, ஊர்க் கோயில். மைக் வைத்தால் வயலினின் துளைக்கு நேரே ஒட்டி வைக்காமல், வில் இடிக்காதபடி ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேடைக்கு அரை மணி நேரம் முன்பே பெட்டியைத் திறந்து வைத்து, ஏறும் முன் ஒருமுறை சுருதி சரிபாருங்கள். விளக்குச் சூட்டில் தந்தி இறங்கியிருக்கும்.