வைஃபை பெயர்கள் பெருகினால் வேகம் குறையும்

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பெயர்கள் வரிசை கட்டும். அவற்றில் சில ஒரே கடையுடையவை: கல்லாவுக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று.

பெயர் கூடினால் இணைய வேகம் கூடாது. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் ஒவ்வொரு பெயரும் விநாடிக்குச் சுமார் 10 முறை 'இருக்கிறேன்' என்று அறிவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும் அறிவிப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லி விநாடி எடுக்கும். ஒரே சேனலில் 3 ரவுட்டர், ஒவ்வொன்றிலும் 4 பெயர் என்றால் அந்தச் சேனலின் நேரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு இதற்கே போய்விடும். பெயரை மறைத்து வைத்தாலும் அறிவிப்பு நிற்காது, மறைப்பதால் பயனில்லை.

வீட்டுக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒன்று. இதுவே தாராளம். லாட்ஜ், கிளினிக் நடத்துவோர் மூன்றைத் தாண்ட வேண்டாம். ஆனால் பில் போடும் கணினியையும் வாடிக்கையாளர் போனையும் ஒரே பெயரில் விடாதீர்கள். இரண்டையும் பிரிப்பது பாதுகாப்புக்கு அவசியம். ரவுட்டர் அமைப்பில் 802.11பி எனப்படும் அந்தப் பழைய வேகங்களை நிறுத்த வழியிருந்தால் நிறுத்துங்கள். மிகப் பழைய கருவிகள் மட்டும் இணையாமல் போகலாம். 2.4-இல் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். டிவி, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பயன்படாத பெயர்களை இன்றே அணைத்துவிடுங்கள்.