மாவு சேர்க்காமல் கெட்டியான காய்கறி சூப்: சுரை, முருங்கை, நிலக்கடலை போதும்

விருதுநகரை அடுத்த சூலக்கரை வட்டாரம் கரிசல் பூமி. இங்கு நடப்பது பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமை. பருத்தி, மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள் மானாவாரியில் வருகின்றன. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் சிறிது காய்கறியும் போடுகிறார்கள். ஒரு காலத்தில் கம்பும் சோளமும் உலையேறிய வீடுகளில் இன்று மூன்று வேளையும் அரிசிச் சோறு, இட்லி, தோசை என்று ஆகிவிட்டது. அரிசி வீட்டுக்குள் வந்தது போலவே சர்க்கரை நோயும் கிராமத்துக்குள் வந்துவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது தெரிவித்தது. இதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது. எனவே மாவுச்சத்தைக் குறைத்து, காய்கறியையும் புரதத்தையும் கூட்டுவது ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டிய செய்தியாகும். இதற்கு உதவும் எளிய உணவுகளில் ஒன்று வீட்டிலேயே தயாரிக்கும் காய்கறி சூப்.

கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது?

காய்கறி சூப் என்றவுடன் வழவழப்பாக, கரண்டியில் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். கடைகளில் இந்தப் பதம் வருவதற்குக் கார்ன்பிளவர் எனப்படும் மக்காச்சோள மாவையோ மைதாவையோ கரைத்து ஊற்றுவது வழக்கம். உருளைக்கிழங்கை மசித்துச் சேர்ப்பதும் உண்டு. மாவு சூட்டில் நீரை உறிஞ்சி உப்புவதால் சூப் கெட்டிப்படுகிறது. குடிப்பவர் காய்கறி சாப்பிட்டதாக எண்ணுகிறார். ஆனால் உள்ளே போனதில் பெரும்பகுதி கஞ்சிதான்.

நூறு கிராம் சுரைக்காயில் மாவுச்சத்து சுமார் 2.5 கிராம் மட்டுமே. வெண்பூசணியில் சுமார் 2 கிராம், புடலங்காயிலும் பீர்க்கங்காயிலும் சுமார் 3.5 கிராம், காலிபிளவரில் 4 கிராம். இதே எடையுள்ள உருளைக்கிழங்கில் 22 கிராமுக்கு மேலும், சர்க்கரைவள்ளியில் 28 கிராமும், மரவள்ளிக் கிழங்கில் 38 கிராமும் உள்ளன. அரிசியில் 78 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் 67 முதல் 72 கிராம் வரை உண்டு. அவற்றில் நார்ச்சத்தும் தாதுச் சத்தும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்று நினைப்பது தவறு.

ஆகவே, மாவு இல்லாமல் கெட்டித்தன்மை பெற இரண்டு வழிகளைக் கையாளலாம். ஒன்று, நன்றாக வெந்த சுரைக்காயின் சதையை மைய அரைத்துச் சேர்ப்பது. இரண்டு, நிலக்கடலையை அரைத்து அதன் பாலும் விழுதுமாகக் கலப்பது. சுரைக்காய் உடலையும், கடலையின் எண்ணெய்ச் சத்து பாலேடு போன்ற வழவழப்பையும் தருகின்றன. இரண்டுமே இப்பகுதி விவசாயி தன் நிலத்தில் விளைவிக்கக்கூடியவை.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

தோல் நீக்கிய பிஞ்சுச் சுரைக்காய் – 500 கிராம்
உருவிய முருங்கைக் கீரை – 50 கிராம் (இரண்டு கைப்பிடி)
நிலக்கடலைப் பருப்பு – 40 கிராம்
சின்ன வெங்காயம் – 50 கிராம்
தக்காளி – 100 கிராம்
பூண்டு – 5 பல்
மிளகு, சீரகம் – தலா ஒரு தேக்கரண்டி
நல்லெண்ணெய் – ஒரு தேக்கரண்டி
மஞ்சள் தூள் – ஒரு சிட்டிகை
உப்பு – அளவாக
எலுமிச்சம்பழம் – அரை மூடி
தண்ணீர் – 4 டம்ளர்

செய்முறை

முதலில் நிலக்கடலையை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்துத் தோலைப் புடைத்து நீக்க வேண்டும். கருக விடக் கூடாது. கருகினால் சூப்பில் கசப்பு இறங்கும். தோல் நீக்கிய பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊற வைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து அம்மியிலோ மிக்சியிலோ வெண்ணெய் போல் அரைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். திப்பி இருந்தால் சூப் மணல் போல் நெருடும்.

மிளகையும் சீரகத்தையும் பொடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அகன்ற பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, வெங்காயத்தை வதக்கி, தக்காளி சேர்த்துக் கரையும் வரை கிளற வேண்டும். துண்டுகளாக நறுக்கிய சுரைக்காய், மஞ்சள் தூள், 3 டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, 15 நிமிடம் வேக விட வேண்டும். துண்டை விரலால் நசுக்கினால் குழைய வேண்டும். வெந்த நீரை வடித்துக் கொட்டுவது கூடாது. கரையும் சத்துகள் அதில்தான் இருக்கின்றன.

வெந்தது நன்றாக ஆறிய பின்னரே மிக்சியில் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்க மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும். மிக்சி இல்லாதவர்கள் கீரை மத்தினால் கடைந்து, கண் அகன்ற வடிகட்டியில் தேய்த்து எடுக்கலாம்.

அரைத்ததை மீண்டும் அடுப்பில் ஏற்றி, மீதித் தண்ணீரில் கடலை விழுதைக் கரைத்து ஊற்ற வேண்டும். இனிமேல் தீ சிறியதாக இருப்பது அவசியம். கடலை விழுது அடியில் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் 5 நிமிடம் கை விடாமல் கிளற வேண்டும். பச்சை வாசனை போனதும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் உப்பும் சேர்த்து, மூடாமல் 4 நிமிடம் கொதிக்க விட வேண்டும். மிளகு சீரகப் பொடி தூவி இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். புளிப்பிலுள்ள வைட்டமின் ‘சி’, கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர உதவுகிறது. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் அந்தச் சத்து சூட்டில் குறைந்துவிடும்.

சூப் நீர்த்துப் போனால் மாவு கரைத்து ஊற்றத் தேவையில்லை. கீரை சேர்ப்பதற்கு முன் மூடியைத் திறந்து மேலும் 5 நிமிடம் சுண்ட விட்டால் போதும். கடலைக்குப் பதில் தயிர் சேர்க்க விரும்புவோர், சூப்பை இறக்கி வைத்த பின்னர் கடைந்த தயிரைக் கலக்க வேண்டும். கொதிக்கும் சூப்பில் ஊற்றினால் திரிந்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

மேற்சொன்ன அளவில் தயாரித்த சூப்பில் ஒருவர் பங்குக்கு மாவுச்சத்து சுமார் 11 கிராம். சுரைக்காயையும் கடலையையும் நீக்கிவிட்டு, கால் கிலோ உருளைக்கிழங்கும் 2 மேசைக்கரண்டி மக்காச்சோள மாவும் சேர்த்தால் ஒருவர் பங்கு சுமார் 23 கிராமாக உயரும். அதாவது இரு மடங்கு.

இதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று உண்டு. இரவில் 150 கிராம் அரிசியின் சோறு சாப்பிடும் ஒருவருக்கு அதில் மட்டும் 117 கிராம் மாவுச்சத்து சேர்கிறது. முதலில் சூப் குடித்துவிட்டு அதே சோற்றையும் சாப்பிட்டால் 128 கிராம் ஆகிவிடும். சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் சூப்பை வைத்தால் சுமார் 70 கிராமில் நின்றுவிடும். சூப் சோற்றுக்கு முன்னோடியாக வந்தால் பலனில்லை. சோற்றின் இடத்தைப் பிடித்தால்தான் பலன்.

ஆனால் ஒருவர் பங்கு சூப்பில் கிடைக்கும் சக்தி சுமார் 110 கலோரியே. மண்வெட்டி பிடிக்கும் உடம்புக்கு இது மட்டும் போதாது. எனவே சூப்புடன் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ சேர்த்துக்கொள்வது நல்லது. பகலில் கடும் உழைப்பு உள்ளவர்கள் சோற்றைக் குறைப்பதை இரவு உணவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கசக்கும் சுரைக்காய் விஷம்

சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் அந்தக் காயைச் சமைக்கவே கூடாது. சுரை, பீர்க்கு, வெள்ளரி இனங்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு சில சமயம் மிகுந்துவிடுகிறது. வேக வைத்தாலும் இது அழிவதில்லை. மிளகும் உப்பும் சேர்த்துக் கசப்பை மறைத்துச் சாப்பிடுவது ஆபத்து. கடும் வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை ஏற்படலாம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பிக் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் 2010-ஆம் ஆண்டில் டெல்லியில் உயிரிழந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கக் கூடாது என்பதே அக்குழுவின் முக்கிய எச்சரிக்கை. தவறிச் சாப்பிட்டு வாந்தி கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடும் வறட்சியில் வாடிய கொடியிலும், பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்த விதையிலிருந்து வந்த கொடியிலும் கசப்புக் காய் தோன்றக்கூடும். ஒரு காய் கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கிவிடுவது நல்லது. அதிலிருந்து விதை எடுக்கவோ, அந்தக் காயைச் சந்தைக்கு அனுப்பவோ கூடாது.

நிலக்கடலையிலும் கவனம் வேண்டும். பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளில் அபிளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். வறுத்தாலும் இது முழுவதும் நீங்காது. நல்ல பருப்பை விற்றுவிட்டு, பொறுக்கிக் கழித்ததை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க

இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். பம்புசெட்டுக் கிணற்றடியில் நிற்பவருக்கும், பட்டாசு ஆலையில் மருந்தைக் கையாளுபவருக்கும் ஒரு நிமிடத் தடுமாற்றமே உயிருக்கு ஆபத்தாகும். அறிகுறி தெரிந்தவுடன் வேலையை விட்டு விலகி உட்கார்ந்து, 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே, உணவை மாற்றுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். சூப் மருந்துக்கு மாற்று அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே கீரை சூப்பைத் தொடர வேண்டும்.

கொல்லையில் இரண்டு குழி

இந்தச் சூப்புக்கு வேண்டிய காயும் கீரையும் கொல்லையிலேயே கிடைக்கும். ஆடியிலோ தையிலோ ஓர் அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல் மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு 4 அல்லது 5 சுரை விதை ஊன்ற வேண்டும். முளைத்த பின் வீரியமான இரண்டு செடிகளை விட்டு மற்றவற்றைக் களையலாம். பாத்திரம் கழுவுவதற்கு முன் அரிசி, காய்கறி அலசிய நீரை இதற்கே பாய்ச்சலாம். கொடியை வேலியிலோ பந்தலிலோ ஏற்றிவிட்டு, நகம் இறங்கும் பதத்தில் காய்களைப் பறிக்க வேண்டும்.

முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 இரகம் ஏற்றது. இதை விதை மூலமே பயிரிடலாம்; 6 மாதத்தில் காய்க்கத் தொடங்கும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி, கீரை மிகுதியாகக் கிடைக்கும். கம்பளிப்புழுவுக்கு மருந்து தெளித்த மரத்தில் மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியும் வரை கீரை உருவக் கூடாது. விதை, நாற்று குறித்த விவரங்களை அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கரிசல் காட்டில் விளையும் மக்காச்சோளம் ஆலைக்குப் போய், வெண்மையான மாவாகப் பொட்டலத்தில் திரும்பி வருகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிச் சூப்பைக் கெட்டியாக்க வேண்டிய தேவை சிறு விவசாயிக்கு இல்லை. வேலியோரச் சுரையும், கிணற்றடி முருங்கையும், தரம் பார்த்து எடுத்து வைத்த ஒரு படி கடலையும் இருந்தால், இரவுச் சோற்றைப் பாதியாக்கும் நல்ல உணவு வீட்டிலேயே தயாராகிவிடும். சமைக்கும் முன் காயை ருசி பார்ப்பதையும், குறைக்கும் முன் மருத்துவரைக் கேட்பதையும் மட்டும் எந்நாளும் மறக்கக் கூடாது.