பொதுவாழ்வில் நம் சமயம்: சல்லேகனை தரும் பாடம்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற திருநாதர்குன்றை நாம் அறிவோம். அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை, ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிசீதிகைக் கல்வெட்டு உரைக்கின்றது.

இச்சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதி, இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 10.8.2015 அன்று தடை விதித்தது. நாடெங்கும் ஜைனர்கள் அமைதி ஊர்வலம் நடத்தினர். அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இத்துடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. முதியோர் வற்புறுத்தப்படுகின்றனரோ எனப் பிற சமயத்தார் ஐயுறுவது இயல்பே. அவர்களோடு ஒரே சட்டத்தின்கீழ் வாழும் நாம் விடை கூறவேண்டும். அவ்விடை நம் நூலிலேயே உண்டு.

தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேருங்கால் அறத்தின்பொருட்டு உடலை விடுவதே சல்லேகனை என்று, ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் வரையறுத்தார். அந்நோன்பில் வாழ்வை அவாவுதல் மட்டுமன்று, சாவை அவாவுதலும் குற்றமென்றார். சாவை நாடுவது தற்கொலை. அந்நாட்டத்தையும் துறப்பது சல்லேகனை.

ஆகவே, பிறர் தூண்டுதலால் மேற்கொள்வது நோன்பாகாது. தூண்டியவருக்கு அது இம்சையே. இந்நெறியை முதலில் நம் இல்லத்து முதியோரிடத்துக் காப்போம். பின்னர், எம்மன்றத்தில் எவர் வினவினும் அஞ்சாது, சினவாது எடுத்துரைப்போம்.