அடிக்கோடும் தூக்கணாங்குருவியும்

நம்பிக்கை: கேள்விக்குச் சரியான விடை எழுதிவிட்டால் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது.

உண்மை: ‘மிலுக்கன் சொப்பரையில் சிணுத்தான்.’ மிலுக்கன் எங்கே சிணுத்தான்? ‘சொப்பரையில்’ என்றுதானே சொன்னீர்கள்? முழு மதிப்பெண். சொப்பரை என்றால் என்னவென்று எனக்கே தெரியாது, இப்போதுதான் இட்டுக்கட்டினேன். தமிழில் இந்த வித்தை இன்னும் சுலபம். ‘எங்கே’ என்றால் ‘இல்’ என்று முடியும் சொல்லைத் தேடு, ‘யாருக்கு’ என்றால் ‘கு’ என்று முடிவதைத் தேடு. வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பாடத்தின் வரியையே திருப்பிப்போட்டுக் கேட்கிற வரை பிள்ளைக்குக் கண் மட்டும் போதும்.

நம்பிக்கை: முக்கியமான வரியை அடிக்கோடிடப் பழக்கினால் போதும்.

உண்மை: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளிடம் தூக்கணாங்குருவியைப் பற்றி எட்டு வரி எழுதிக் கொடுத்து, ‘முக்கியமானதுக்குக் கோடு போடு’ என்றேன். ஏழு வரிக்குப் போட்டாள். விட்டது ஒன்றே ஒன்று: ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண் வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதியை ஆண் கட்டி முடிக்கும்.

“இதை ஏம்மா விட்டுட்டே?”

“அதுல நம்பரே இல்லையே, அத்தை.”

அவள் மேல் தப்பில்லை. எதற்கு முக்கியம் என்று நான் சொல்லவே இல்லை. ‘ஆண் எதுக்குப் பாதியில நிறுத்துது?’ என்று கேட்டதும் ரப்பரை எடுத்து, போட்ட கோடுகளை அழிக்க ஆரம்பித்தாள். ‘கூட்டுக்குள்ள பாம்பு எப்படிப் போகும்?’ என்று கேட்டிருந்தால், கீழ்நோக்கித் தொங்கும் குழாய் வாசலைப் பற்றிய வரி முக்கியமாகியிருக்கும். கேள்வி முதலில், பென்சில் பிறகு. பெரிய மாணவர்களுக்குமே வெறும் அடிக்கோடு பெரிதாக உதவுவதில்லை. உளவியலாளர் ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு உத்திகளை அலசியபோது, குறைந்த பயன் தருபவற்றின் வரிசையில்தான் அதை வைத்தார்கள்.

நம்பிக்கை: சின்னப் பிள்ளைக்குக் கதை போதும், தகவலெல்லாம் பெரிய வகுப்பில்.

உண்மை: அமெரிக்காவிலும் இப்படித்தான் இருந்தார்கள். முதலாம் வகுப்பின் வகுப்பறைகள் இருபதைக் கல்வி ஆய்வாளர் நெல் டியூக் கவனித்து 2000இல் எழுதினார்: தகவல் நூலுக்குக் கிடைத்தது நாளுக்குச் சராசரியாக 3.6 நிமிடம். எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால் என்ன, வாசித்துக் காட்டினால் காதால் பிடித்துக்கொள்வார்கள்.

நம்பிக்கை: சரளமாக வாசிக்க வந்துவிட்டால் எதிலும் சாரத்தை எடுத்துவிடலாம்.

உண்மை: பேஸ்பால் ஆட்ட வர்ணனை ஒன்றை 64 மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களை முந்திவிட்டார்கள். கிரிக்கெட் பைத்தியம் உள்ள வீட்டில் இதற்கு ஆய்வே வேண்டாம். தூக்கணாங்குருவிப் பாடத்துக்கும் அப்படித்தான்: தொடங்குமுன் ஒரு பழைய கூட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: சுவையான துணுக்கு ஒன்றைச் சேர்த்தால் பாடம் மனதில் நிற்கும்.

உண்மை: துணுக்கு நிற்கும். அன்று அண்ணன் மகளிடம் பேச்சுவாக்கில், தூக்கணாங்குருவி மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று ஊரில் சொல்வார்கள் என்றும் சொல்லிவைத்தேன். கூட்டில் களிமண் இருப்பது மெய். விளக்கு வெறும் ஊர்ப்பேச்சு. ஒரு வாரம் கழித்து, குருவியைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

“வீட்டுக்குள்ள லைட் போடும், அத்தை.”